நாக்குப் பத்தியம்

கோல்டன் ஆங்கர் நர்சரி அண்ட் பிரைமரி இங்கிலீஷ் பள்ளி பதினோரு வருஷத்துக்கு முன்புவரை ஐஸ் பேக்டரியாக இருந்தது. பெரிய போட்டுக்காரர்கள் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலேயே ஐஸ் ஏற்றிக்கொள்ள ஆரம்பித்ததும் முதலாளி டில்லிபாபு இயந்திரங்களைக் கழற்றி விற்றார். ஐஸ் பாளம் அறுத்த கூடத்தில் பிளைவுட் தட்டி அடித்து நான்கு வகுப்புகள் ஆக்கினார். கழுத்தில் டை கட்டிக்கொண்டு கரஸ்பாண்டன்ட் ஆனார். குளிர் வெளியேறாமலிருக்கக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர்களை மட்டும் இடிக்க முடியவில்லை. உள்ளே நூற்று நாற்பது பிள்ளைகள் சேர்ந்து கத்தினாலும் வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன்தான் கேட்கும். 'சத்தம் புகாத வளாகம்' என்று அட்மிஷன் நோட்டீஸில் அதையும் ஒரு வசதியாகச் சேர்த்திருந்தார்.

குணசுந்தரியை அங்கே ஒரு வியாழக்கிழமை வரச்சொன்னார்கள். மீன் கூடையை வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியிலேயே வைக்கச் சொல்லிவிட்டதால், உள்ளே உட்கார்ந்திருந்தாலும் அவள் மனசு பாதி கூடையிலிருந்த காரப்பொடி மீனின் மேலேயே இருந்தது. காக்கா கொத்தினால் விம்கோ நகர் மார்க்கெட்டில் அதை யார் வாங்குவார்கள்?

"உங்க டாட்டர் சௌமியா செகண்ட் ஸ்டாண்டர்ட்" என்றார் டில்லிபாபு.

"ஆமா சார். ரெண்டாங்கிளாஸு."

"ரீடிங் வீக். ஸ்பீக்கிங் வெரி வீக். ரீசன் என்ன தெரியுமா? மதர் டங் இன்டர்ஃபியரன்ஸ்."

குணசுந்தரிக்குக் காரப்பொடி மறந்துபோனது. அவ்வளவு நீளமான பேருள்ள எதுவும் நல்லதாக இருக்க முடியாது.

"அது இன்னா சார் நோவு?"

"வீட்ல பேசற தமிழ் இருக்கு பாருங்க, அது உள்ள பூந்து இங்கிலீஷை வெளிய வரவிடாம அடைச்சிக்குது. இந்த ரெஜிஸ்டரைப் பாருங்க." தமிழ் பேசியவர்களின் பேர்களை எழுதும் நோட்டைத் திருப்பிக் காட்டினார். "போன மாசம் மட்டும் இருபத்திரண்டு எடத்துல உங்க பொண்ணு பேரு. பேசிக்கிட்டே இருக்காளாம்."

"அவ பொறந்ததுலேந்தே அப்டித்தான் சார். தூங்கசொல்லக் கூட பேசுவா."

"இனிமே கூடாது. வீட்ல தமிழ்ல ஒரு வார்த்தை கூடாது. ஸ்ட்ரிக்டா ஒன்றரை மாசம். அப்புறம் ரிவ்யூ வெப்போம். தேறினா தேர்ட் ஸ்டாண்டர்ட். தேறலன்னா மறுபடி இதே கிளாஸ், இல்லாட்டி டிசி வாங்கிக்கிட்டுப் போயிடுங்க." அப்போது போன் அடித்தது. எடுத்ததும் கரஸ்பாண்டன்டின் கழுத்திலிருந்த டை தவிர மீதி எல்லாம் ஐஸ் பேக்டரிக்குத் திரும்பிப் போனது. "இன்னா மாமு? வண்டி இன்னும் வரலியா? டேய், அவன் டுபாக்கூரு, ஒயுங்கா இஸ்துகினு வா. நானு இங்க படிப்பு வேலையா கீறேன்." போனை வைத்துவிட்டு, "எஸ்" என்றார்.

குணசுந்தரிக்கு அதில் சிரிக்க ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றரை மாசம் என்றால் கிட்டத்தட்ட நாற்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம். அவள் அதைத்தான் மனசில் முடிந்துகொண்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அவள் புருஷன் திருமலைக்கு மஞ்சள் காமாலை வந்து கண் எலுமிச்சம்பழமாக இருந்தபோது, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தவர் சொன்னதும் இதே கணக்குதான். நாற்பத்தெட்டு நாள் எண்ணெய் இல்லை, உப்பில்லை, மீன் வாசனையே இல்லை. மீன் விற்கிறவள் வீட்டில் மீன் வாசனை இல்லாமல் பார்த்துக்கொண்டாள் குணசுந்தரி. இருபதாம் நாள் திருமலை கருவாட்டுக்காக அழுதான். அவள் இளகவில்லை. ஆள் பிழைத்துக்கொண்டான், இன்றைக்கும் பைபர் போட்டில் கடலுக்குப் போகிறான். அதனால் பத்தியம் என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேட்டில் கூடையைத் தூக்கும்போது இரண்டாம் வகுப்பு டீச்சர் மலிகா ஓடிவந்தாள். எண்ணூரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். டீச்சர் வேலைக்கு வந்து ஏழு மாசம்தான் ஆகிறது.

"அக்கா, சார் சொன்னதைக் கேட்டு பயந்துறாதீங்க. நீங்க வூட்ல நல்லா தமிழ்ல பேசுங்க. பாப்பா எவ்ளோ பேசுதோ பேச வுடுங்க. அதுதான் எனக்கு வோணும்."

"இங்கிலீஷு?"

"அத்த நான் பாத்துக்கறேன். இத்த பாருங்க." ஒரு நாற்பது பக்க நோட்டைப் பிரித்தாள். ஒரு ஆட்டோ படம், சிவப்புக் கிரேயானில் நான்கு நண்டு, சீட்டின்மேல் ஏறி நிற்கும் ஒரு ஷூ போட்ட ஆள். கீழே நான்கு வரி இங்கிலீஷ். "போன மாசம் ஷேர் ஆட்டோல ஒங்க கூடையிலேந்து நண்டு தப்பிச்சிதாமே? பாப்பா தமிழ்ல சொல்லி கிளாஸே வுயுந்து வுயுந்து சிரிச்சிது. அத்தயே இங்கிலீஷ்ல எப்பிடி சொல்றதுன்னு ரெண்டு பேரும் உக்காந்து எய்தினோம். இப்ப இந்த நாலு வரி அதுக்கு தண்ணி பட்ட பாடு. கேட்டா ஒவ்வொரு வார்த்தைக்கும் கதை சொல்லும்."

குணசுந்தரி படத்தைப் பார்த்தாள். நண்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நண்டைத் தெரிந்துகொள்ளவா பிள்ளையை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பினாள்? நண்டு வீட்டிலேயே இருக்கிறது. பள்ளி இங்கிலீஷ் புத்தகத்தில் அணில் இருக்கிறது, பனி கொட்டுகிறது, கூரையில் புகைபோக்கி வைத்த வீடு இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு இந்தப் பெண் தமிழில் கதை கேட்டுக்கொண்டிருக்கிறாள். டாக்டர் உப்பே கூடாது என்று சொல்லியனுப்ப, வாசலில் நின்று 'கொஞ்சூண்டு போட்டுக்கக்கா' என்கிற கம்பவுண்டர் மாதிரி இருந்தது அவளுக்கு.

திங்கட்கிழமை பிள்ளையின் பையிலிருந்து அந்த நண்டு நோட்டை எடுத்துக்கொண்டுபோய் டில்லிபாபுவின் மேஜைமேல் வைத்தாள். "சார், நாங்க வூட்ல பத்தியம் காக்கப்போறோம். இங்க அந்தப் பொண்ணு கிளாஸ்லயே தமிழ் பேசிகினு கீது சார். நீங்கதான் இன்னான்னு கேக்கணும்."

கரஸ்பாண்டன்ட் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "ஃபிஷ் மார்க்கெட்டா நடத்தறாங்க கிளாஸ்ல" என்றார். மீன்காரியிடம் சொல்லிவிட்டோமே என்று ஒரு நொடி விழித்தார். குணசுந்தரி ஆமாம் என்று தலையாட்டினாள். அடுத்த நாள் முதல் மலிகா எல்கேஜிப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடவும், சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அட்மிஷன் நோட்டீஸ் கொடுக்கவும் மாற்றப்பட்டாள். நோட்டைக் குணசுந்தரி திரும்ப வாங்கிக்கொண்டாள். பின்பக்கம் காலியாக இருந்தது, வீணாவானேன்.

அந்தத் திங்கட்கிழமையே பத்தியம் ஆரம்பித்தது. வீட்டில் இருந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். கம், கோ, ஈட், ஸ்லீப், வாட்டர். திருமலைக்கு ஸ்டாப் தெரிந்திருந்தது. ஒரு நாயை வளர்க்க அது போதும்.

"மீதிக்கு?" என்றான் திருமலை.

"மீதிக்கு வாய மூடிகினு இரு. அவ முன்னாடி ஒரு வார்த்த தமிழ் வரக்கூடாது. அவ பேசனாலும் கேக்கக்கூடாது."

"இன்னாமே இது, எழவு வூடு மாதிரி. போட்டு எஞ்சின் ஓட சொல்ல நாங்க கையாலதான் பேசிக்குவோம். அப்டி வோணா பேசட்டா?"

குணசுந்தரி யோசித்தாள். "கைக்கு இன்னா, அதுல தமிழ் கீதா இன்னா. பேசு."

பக்கத்து வீட்டுத் தாயம்மாதான் பெரிய சிக்கல். அவளும் மீன் விற்கிறவள். காலையில் வாயைத் திறந்தால் கூடை காலியான பிறகும் மூடாதவள். "இன்னாடி குணா சொல்ற? புள்ளைகிட்ட நானு பேசக்கூடாதா? அம்மையா போட்டுகீது அதுக்கு? அப்டின்னா வாசல்ல வேப்பில கட்டு. நானும் கன்னத்துல போட்டுகினு கம்முனு போறேன்."

அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். மறுநாள் காலை குணசுந்தரி வீட்டு நிலையில் ஒரு கொத்து வேப்பிலை தொங்கியது. குப்பத்தில் அது எல்லாருக்கும் புரிகிற எழுத்து. பால்காரர் பாக்கெட்டை வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் போனார். தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்ற பெண்கள் சௌமியா வந்தால் பேச்சைப் பாதியில் நிறுத்தினார்கள். ஒரு தெருவே ஏழு வயசுப் பிள்ளையைப் பார்த்து வாயடைத்து நின்றது. கோல்டன் ஆங்கர் பள்ளிக்குக்கூட அவ்வளவு மரியாதை அதுவரை அந்தக் குப்பத்தில் கிடைத்ததில்லை.

முதல் வாரம் சௌமியா மறந்து மறந்து பேசினாள்.

"மா! இன்னிக்கி இன்னா ஆச்சி தெரியுமா, இந்த பிலால் கீறானே, அவன் டிபன் பாக்ஸ்ல..."

குணசுந்தரி பள்ளியில் செய்வது போலவே ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

"இல்லமா, இத்த மட்டும் சொல்லிடறேன். பூனை..."

மறுபடி விரல். டிபன் பாக்ஸில் பூனை என்ன செய்தது என்று குணசுந்தரிக்கும் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது. நாற்பத்தெட்டு நாள் போகட்டும், கேட்டுக்கொள்ளலாம். சுவரில் கரிக்கட்டையால் அன்றைய நாளுக்கு ஒரு கோடு போட்டாள்.

இரண்டாம் வாரம் சௌமியா, கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் கரையில் உட்கார்ந்து அலைகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததைத் தாயம்மா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். கடலிடம் பேசினால் பத்தியம் முறிந்த கணக்கில் சேருமா என்று குணசுந்தரி குழம்பினாள். சேரும் என்றே முடிவெடுத்தாள். காமாலையின்போது திருமலை திருட்டுத்தனமாகச் சாப்பிட்ட ஒரு மாங்காய் ஊறுகாய்த் துண்டுக்காக அவள் முதலிலிருந்து நாள் எண்ணியவள். ஆனாலும் கோடுகளை அழிக்கவில்லை. பிள்ளைதானே.

மூன்றாம் வாரத்துக்குப் பிறகு கடலிடமும் பேச்சில்லை. காலையில் குணசுந்தரி காசிமேட்டு ஏலத்தில் தொண்டை கிழியக் கத்திக் கூடை நிரப்பி வருவாள். வீட்டுக்குள் நுழைந்ததும் "ஈட்" என்பாள். சௌமியா சாப்பிடுவாள். "கோ" என்பாள். போவாள். சாயங்காலம் திருமலை கடலிலிருந்து வந்து கையை மடக்கி இழுப்பான், வலை என்று அர்த்தம். விரல்களை விரித்துக் காட்டுவான், எத்தனை கூடை மீன் என்று. சௌமியா பார்ப்பாள். முதலில் எல்லாம் அவளும் விரல் காட்டிச் சிரித்தாள். பிறகு பார்த்ததோடு சரி. அனல் மின்நிலையச் சாம்பல் காற்றில் வந்து கொடியில் காயும் யூனிபார்மில் படிவது போல, என்னவோ அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் படிந்தது. யாருக்கும் கோபமில்லை, அழுகையில்லை. பாத்திரச் சத்தம் மட்டும் இருந்தது.

முப்பத்தோராம் கோடு போட்ட அன்றைக்குக் குளிப்பாட்டும்போது தண்ணீர் சிவப்பாக ஓடியது. குணசுந்தரி பிள்ளையின் காலைத் தூக்கிப் பார்த்தாள். குதிகாலில் கருங்கல்லில் ஒட்டியிருக்கும் சிப்பி கிழித்த வெட்டு, ஒரு விரல் நீளம். காலையிலோ நேற்றோ பட்டிருக்க வேண்டும். ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. அந்தக் காலோடு பள்ளிக்குப் போய் வந்திருக்கிறாள்.

"ஏன்டி சொல்லல?" என்று வாய்வரை வந்த தமிழைக் குணசுந்தரி விழுங்கினாள். சௌமியா முகத்தைப் பார்த்தாள். வலிக்கிறதா என்று கையால் கேட்டாள். பிள்ளை அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது. மஞ்சளை அப்பித் துணி கட்டும்போதும் ஒரு 'ஸ்' இல்லை.

"பத்தியம் நல்லா புட்ச்சிகிச்சி" என்று அன்று பிள்ளை தூங்கியபின் திருமலையிடம் சொன்னாள் குணசுந்தரி.

"எனுக்கு பயமா கீதுமே. நிறுத்திடலாம்."

"கருவாட்டுக்கு அழுதியே நீ, அப்ப நான் நிறுத்தியிருந்தா இன்னிக்கி நீ இல்ல. இன்னும் பதினேழு நாளு. மூணாங்கிளாஸு போவட்டும்."

திருமலை கையை உயர்த்தி இரண்டு தடவை ஆட்டினான். போட்டில் அதற்கு, காற்று மாறிவிட்டது, திரும்பலாம் என்று அர்த்தம். குணசுந்தரிக்கு அது தெரியாது.

நாற்பத்தெட்டாம் நாள் சனிக்கிழமை வந்தது. ஐஸ் பேக்டரியின் பழைய சைரன் ஊதி ரிவ்யூ தொடங்கியது. அண்ணா நகரிலிருந்து ஒரு பயிற்சியாளர் டேப்லெட்டோடு வந்திருந்தார். பிள்ளை படிக்கப் படிக்க, நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை என்று அது எண்ணிச் சொல்லும். ஸ்பீடோமீட்டர் போல முள் ஏறியது. பெற்றவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

சௌமியாவை அழைத்தார்கள். அணில் பாடம். அவள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

குணசுந்தரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். பிள்ளையின் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. ஆனால் இது அந்தக் குரலா? விம்கோ நகர் மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன் பேரைச் சொல்லுமே ஒரு பொம்பளைக் குரல், தெளிவாக, யாருடையதுமில்லாமல், அப்படி இருந்தது. எங்கும் தடுக்கவில்லை. மூச்சு வாங்கவில்லை. பக்கம் முடிந்தது. குரல் நின்றது.

"எய்ட்டி டூ வேர்ட்ஸ்!" என்றார் பயிற்சியாளர். கைதட்டினார்கள். பிறகு அவர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். சௌமியா பேசவில்லை. அவர் குனிந்து, மெதுவாக, "அணில் எதைம்மா தொலைச்சுது?" என்று தமிழில் கேட்டார்.

கரஸ்பாண்டன்ட் இருமினார். சௌமியா தரையைப் பார்த்தாள். அணில் எதையாவது தொலைத்தது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும் போலிருந்தது.

"சார், இந்தக் குழந்தைகிட்ட தமிழ் செல்லாது" என்றார் டில்லிபாபு, பெருமை தாங்காமல். "முன்னாடி ஒரே மாசத்துல ரெஜிஸ்டர்ல இருபத்திரண்டு என்ட்ரி. இந்த மாசம் ஜீரோ. நத்திங்! இதுதான் எங்க ரிசல்ட்."

பயிற்சியாளர் டேப்லெட்டைப் பார்த்தார். அவர் கேட்ட கேள்விக்கு அதில் கட்டம் இல்லை. பச்சையில் டிக் விழுந்தது. மூன்றாம் வகுப்பு.

'இங்கிலீஷ் ஸ்டார்' என்று போட்ட பேட்ஜ்கள் ஒரு தட்டில் இருந்தன. தட்டை ஏந்தி நின்றவள் மலிகா. சௌமியாவின் சட்டையில் ஊக்கு குத்தும்போது குணசுந்தரியிடம் மெல்லக் கேட்டாள். "பாப்பா வூட்ல பேசுதாக்கா?"

"பத்தியம் இன்னியோட முடியுது" என்றாள் குணசுந்தரி.

மலிகா பேட்ஜை நேராக்கிவிட்டாள். அடுத்த பிள்ளைக்குத் தட்டை நகர்த்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் குணசுந்தரி நிலையிலிருந்த வேப்பிலையைப் பிடுங்கிக் கடலில் எறிந்துவிட்டு வந்தாள். பத்தியம் முடிக்கிற முறைப்படி பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். காசிமேட்டிலிருந்து பார்த்துப் பார்த்து எடுத்துவந்த நண்டை உடைத்து, பூண்டும் மிளகும் தட்டிப்போட்டுக் குழம்பு வைத்தாள். திருமலை அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. தாயம்மா நாற்பத்தெட்டு நாள் பேச்சைச் சேர்த்துவைத்துக்கொண்டு வாசற்படியில் குந்தியிருந்தாள்.

சௌமியா நண்டுக்காலை உறிஞ்சிச் சாப்பிட்டாள். குளித்து மாற்றிய சட்டையிலும் பேட்ஜ் இருந்தது.

"பேசுடி கண்ணு" என்றாள் குணசுந்தரி. "அல்லாம் முடிஞ்சிபோச்சி. நீ மூணாங்கிளாஸு. இன்னா வோணா பேசு. அந்தப் பூனை இன்னா பண்ணுச்சி, பிலால் டிபன் பாக்ஸ்ல?"

சௌமியா சட்டென்று நிமிர்ந்தாள். அவள் கண்ணில் பதற்றம் வந்தது. எழுந்து கிட்டே வந்தாள். குழம்பு ஒட்டிய ஆள்காட்டி விரலை அம்மாவின் உதட்டின்மேல் வைத்து அழுத்தினாள். மறந்துபோய்ப் பேசிவிட்ட அம்மாவைக் காப்பாற்றுகிற மாதிரி, ரொம்பப் பொறுப்பாக.

"ஏய் பாப்பா, நைனாவ பாரு" என்றான் திருமலை. குரல் உடைந்ததும் எழுந்து வாசலுக்குப் போய்க் கடலைப் பார்த்து நின்றுகொண்டான். தாயம்மா திறந்த வாயை, யாரும் சொல்லாமலே மூடிக்கொண்டாள்.

குணசுந்தரி அந்த விரலை விலக்கவில்லை. உதட்டில் மிளகு காந்தியது. அலமாரியில், பின்பக்கம் காலியாக இருக்கிறது என்று அவள் வாங்கிவந்த நோட்டு, இன்னும் காலியாகவே கிடந்தது. எட்டி எடுத்து மடியில் பிரித்தாள். கீழே இருந்த நான்கு வரி அவளுக்குப் படிக்க வராது. படம் தெரிந்தது. விரலுக்கடியிலேயே பேச ஆரம்பித்தாள்.

"ஒரு நாளு நானு நண்டு எட்துகினு ஷேர் ஆட்டோல வந்துகினு கீறேன். கூடைக்கு மேல சாக்கு சரியா கட்டல. விம்கோ நகராண்ட ஒரு பள்ளத்துல ஆட்டோ எறங்கிச்சா, டபால்னு குதிச்சி ஓடிச்சி மூணு நண்டு."

விரலின் அழுத்தம் குறைந்தது.

"மூணே மூணு நண்டு" என்றாள் மறுபடி, படத்தைக் காட்டி.

சௌமியா படத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். உதட்டின் மேலிருந்த விரல் மெல்ல எழுந்து காற்றில் நின்றது. அதன் பக்கத்தில் இன்னொன்று நிமிர்ந்தது. இன்னொன்று. கொஞ்சம் பொறுத்து, கடைசியாகச் சுண்டுவிரல்.

"நாலா?"

தலை அசைந்தது.

"அப்பால இன்னா ஆச்சி?" என்று கேட்டாள் குணசுந்தரி.

வெளியே கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. நான்கு விரலும் அப்படியே நின்றன. குழம்பு அவற்றின்மேல் காய்ந்துகொண்டிருந்தது.